இந்தியாவிலிருந்து ஆன்லைனில் வாங்கும்போது: தென்னாப்பிரிக்கச் சுங்க வரி, வாட், கூரியர் கட்டணம் – முழுமையான வழிகாட்டி

சென்னைக் கடையின் இணையதளத்தில் 2,000 ராண்டுக்குக் கிடைக்கும் தைத்த சல்வார் செட், டர்பன் வீட்டு வாசலுக்கு வரும்போது 3,365 ராண்டாகிவிடும். கூரியர் கட்டணம் இதில் சேரவில்லை. யாரும் ஏமாற்றியதால் வந்த தொகையல்ல இது. சட்டப்படி போட்ட கணக்குதான், அதை ஆர்டர் கொடுக்கும் முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் நாமே போட்டுப் பார்க்கலாம். தீபாவளிக்கும் காவடிக்கும் துணிமணி, பூசைச் சாமான் வரவழைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. பார்சல் விமான நிலையத்தில் நின்ற பிறகு கூரியர் அனுப்பும் பில்லைப் பார்த்துத்தான் திகைக்கிறார்கள்.

முதல் படி: கணக்கைப் போடுங்கள்

வரியை விதிப்பது சார்ஸ், அதாவது தென்னாப்பிரிக்க வருவாய்ச் சேவை. ஒரு பார்சலுக்கு மூன்று வகை வரி வரலாம்: சுங்க வரி, சில பொருள்களுக்கு மட்டும் மதிப்பு அடிப்படையிலான கலால், எல்லாவற்றுக்கும் மேல் வாட். வாட் 2018 ஏப்ரல் 1 முதல் 15 சதவீதம்.

சுங்க வரி, பொருளுக்கு நீங்கள் உண்மையில் கொடுத்த விலையின் மேல் விழும். சர்வதேசப் போக்குவரத்துச் செலவும் இன்சூரன்ஸும் இந்த நாட்டில் சுங்க மதிப்பில் சேராது. பல நாடுகளில் அவையும் சேரும் என்பதால், வெளிநாட்டு இணையக் கால்குலேட்டர்களை நம்பினால் கணக்குத் தப்பும். ஆனால் அந்தச் செலவு இன்வாய்ஸில் தனி வரிசையாக இருந்தால்தான் கழிக்க முடியும். ‘ஃப்ரீ ஷிப்பிங்’ என்று சொல்லி அனுப்பும் செலவைப் பொருளின் விலைக்குள்ளேயே கடை சேர்த்துவிட்டால், தைத்த உடையானால் அந்தச் செலவுக்கும் நீங்கள் 45 சதவீதச் சுங்க வரி கட்ட நேரும். துணி வாங்குகிறவர்களுக்கு இது சின்னத் தொகையல்ல. ஷிப்பிங்கைத் தனியாகக் காட்டும் கடையே மேல்.

வாட் கணக்கில் ஒரு முடிச்சு உண்டு. வெறும் விலைக்கு 15 சதவீதம் போட்டால் விடை குறைவாக வரும். விலையோடு அதன் 10 சதவீதத்தைக் கூட்டி, கட்ட வேண்டிய சுங்க வரியையும் கூட்டி, வரும் மொத்தத்துக்குத்தான் 15 சதவீதம். மேலே சொன்ன சல்வார் செட்டை எடுத்துக்கொள்வோம். விலை 2,000. உடைக்குச் சுங்க வரி 45 சதவீதம், அதாவது 900. வாட்டுக்கான அடிப்படை 2,000 + 200 + 900 = 3,100. அதில் 15 சதவீதம் 465. ஆக வரி மட்டும் 1,365 ராண்ட்.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு போட வேண்டாம். சுங்க வரியும் வாட்டும் சேர்ந்த சுமை இப்படி வரும்:

- தைத்த உடை (சுங்க வரி 45): விலையில் 68.25 சதவீதம்
- செருப்பு, ஷூ (30): 51 சதவீதம்
- நெய்த துணி, பெரும்பாலான வகை (22): 41.8 சதவீதம்
- புத்தகம், லேப்டாப் போலச் சுங்க வரி இல்லாதவை: 16.5 சதவீதம்

தமிழ்ப் புத்தகத்துக்குச் சுங்க வரி இல்லை, ஆனாலும் வாட் உண்டு. 1,000 ராண்டுக்குப் புத்தகம் வாங்கினால் 165 ராண்டை ஒதுக்கி வையுங்கள்.

கைப்பேசிக்குக் கணக்கு வேறு. சுங்க வரி இல்லை, ஆனால் 9 சதவீதக் கலால் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் 2,500 ராண்டுக்கு மேற்பட்ட ஸ்மார்ட்போன்களுக்கு மட்டுமே இது. கலாலுக்கு அடிப்படை, விலையோடு 15 சதவீதம் கூட்டிய தொகை. 6,000 ராண்ட் போன் என்றால் 6,900-இல் 9 சதவீதம், 621 ராண்ட். வாட் அடிப்படை 6,000 + 600 + 621 = 7,221; வாட் 1,083.15. மொத்தம் 1,704 ராண்டும் சில்லறையும். இங்குள்ள கடையில் கிடைக்கும் வாரண்டியையும் சேர்த்து யோசித்தால், போனை வெளிநாட்டில் வாங்குவது அநேகமாக லாபமில்லை.

ரூபாயை ராண்டாக மாற்றும்போது உங்கள் வங்கியின் விகிதத்தைச் சுங்கம் எடுத்துக்கொள்ளாது. சார்ஸ் தன் தளத்தில் வாரந்தோறும் வெளியிடும் மாற்று விகிதம்தான் செல்லும். கணக்கு சில ராண்ட் கூடக் குறைய வந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

500 ராண்டுக்குக் குறைவான பார்சலுக்கு 20 சதவீதம் மட்டும், வாட் கிடையாது என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கூரியர் வழி வரும் சிறு பார்சல்களுக்கு அப்படியொரு சலுகை இருந்தது உண்மை. உள்ளூர்த் துணி ஆலைகளும் கடைகளும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, 2024 செப்டம்பர் 1 முதல் அதன் மேல் வாட்டும் சேர்ந்தது. அந்த ஒரே விகிதத்தையும் பொருளுக்கேற்பப் பிரிக்கப் போவதாக சார்ஸ் அப்போதே அறிவித்தது. அதனால் சின்னப் பார்சலானாலும் முழு வரிக்கே திட்டமிடுங்கள். குறைவாக வந்தால் மகிழ்ச்சி.

இரண்டாம் படி: பொருளின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

வரி விகிதத்தைத் தீர்மானிப்பது பொருளின் பெயரல்ல, அதன் எண். இந்தியக் கடை பில்லில் எச்எஸ்என் என்று ஓர் எண் இருக்கும். அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்கப் பொது. தென்னாப்பிரிக்கா அதன் பின் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக வைத்திருக்கிறது. கடையிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, சார்ஸ் தளத்தில் உள்ள சுங்கப் பட்டியலின் முதல் அட்டவணை, முதல் பகுதியில் அந்த ஆறு இலக்கத்தைத் தேடுங்கள். பக்கத்திலேயே விகிதங்கள் இருக்கும். இந்தியாவில் செய்த பொருளுக்குப் பார்க்க வேண்டியது ‘ஜெனரல்’ என்ற பத்தி.

மற்ற பத்திகள் ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், தென்னாப்பிரிக்க வட்டார நாடுகள் போன்றவற்றுக்கானவை. லண்டனில் உள்ள கடையில் வாங்கினால் பிரிட்டன் சலுகை கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சட்டை எங்கே தைக்கப்பட்டது என்பதே கேள்வி. பங்களாதேஷில் தைத்த சட்டை லண்டன் வழியாக வந்தாலும் பங்களாதேஷ் சட்டைதான். சலுகை வேண்டுமானால் உற்பத்தி நாட்டுக்கான சான்றும் வேண்டும்.

நம்மவர்களுக்கு முக்கியமான இடம் புடவை. இந்தியப் பட்டியலில் புடவை தைத்த உடையல்ல, துணி. பட்டுப் புடவை 5007, பருத்திப் புடவை 5208, செயற்கை இழைப் புடவை 5407 என்ற தலைப்புகளில் வரும். தைத்த ரவிக்கை 6206. இன்வாய்ஸில் ‘லேடீஸ் டிரஸ், 3 பீஸ்’ என்று கடைக்காரர் எழுதிவிட்டால், இங்கே சுங்கக் காகித வேலையைச் செய்யும் கிளியரிங் ஏஜெண்ட் அதை உடையாகக் கருதி 45 சதவீதம் போட்டுவிடுவார். ‘தைக்காத புடவை, 100 சதவீதப் பருத்தி, நெய்தது, 5.5 மீட்டர், 5208’ என்று ஒரு வரிசை, ‘தைத்த ரவிக்கை, 6206’ என்று விலையோடு இன்னொரு வரிசை என எழுதச் சொல்லுங்கள். ஃபால்ஸ் தைத்து, குச்சம் கட்டி, ரவிக்கையும் தைத்து அனுப்பச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தத் தையலால் துணி என்ற வாதம் பலவீனமாகும். தையல் வேலையை டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ செய்துகொள்ளலாம், இங்கே கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இறுதி முடிவு சுங்கத்துடையது என்பதால், ஆர்டர் கொடுக்கும்போது 45-ஐ மனத்தில் வைத்தே கணக்குப் போடுங்கள். பட்டுக்குச் சுங்கப் பட்டியலின் 50-ஆம் அத்தியாயத்தைத் தனியே பாருங்கள்.

பித்தளைக் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் வாங்குகிறவர்கள் இன்வாய்ஸில் ‘மெட்டல் ஐட்டம்’ என்று விடக் கூடாது. பித்தளை தாமிரக் கலவை. அதற்கான இடம் 74-ஆம் அத்தியாயம். சாமி சிலை 8306-இல் வரக்கூடும். உலோகம், உபயோகம், எடை மூன்றும் எழுதியிருந்தால் ஏஜெண்ட் ஊகிக்க வேண்டியிருக்காது. அவர் ஊகிக்கும்போது அதிக வரி உள்ள எண்ணைத்தான் எடுப்பார், பின்னால் அபராதம் வந்தால் அது அவர் தலையில் அல்லவா விழும்.

மூன்றாம் படி: கடையிடம் கேட்க வேண்டியவை

இந்தியாவில் ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். இணையதளத்தில் காட்டும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால், கழித்துத் தரும் கடையில் வாங்குங்கள். கழிக்காவிட்டால் இந்திய வரிக்கு மேல் தென்னாப்பிரிக்க வரியையும் கட்டுகிறீர்கள்.

அடுத்த கேள்வி, வரியை யார் கட்டுவது. ‘டிடிபி’ என்றால் கடையே வரி கட்டி வீட்டில் சேர்க்கும். ‘டிஏபி’ அல்லது ‘டிடியு’ என்றால் நீங்கள் கட்ட வேண்டும். அமேசானின் வெளிநாட்டுத் தளம், இறக்குமதிக் கட்டண முன்பணம் என்று மதிப்பீட்டுத் தொகையை முன்பே வாங்கிக்கொள்ளும். உண்மையான வரி குறைந்தால் மிச்சத்தைத் திருப்பித் தரும். சிறு கடைகள் பல ‘ஆல் டேக்ஸஸ் இன்க்ளூடட்’ என்று போடுவது இந்திய வரியை மட்டும் குறிக்கும். எந்த நாட்டு வரி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மூன்றாவது, இறக்குமதியாளர் எண். தனிநபர் ஒருவர் ஒரு காலண்டர் ஆண்டில் மூன்று சரக்குகள் வரை, மதிப்பு வரம்புக்குள், சார்ஸில் பதியாமலே கூரியர் வழி இறக்கலாம். நான்காவது வரும்போது கூரியர் நிறுவனம் இறக்குமதியாளர் எண்ணைக் கேட்டு நிறுத்திவிடும், கிடங்கில் வைத்திருப்பதற்கான சேமிப்புக் கட்டணமும் ஏறத் தொடங்கும். அடிக்கடி வாங்குகிறவர்கள், கோயிலுக்காக வரவழைக்கிறவர்கள், வீட்டிலிருந்து புடவை விற்கிறவர்கள் முன்பே பதிந்துகொள்வது நல்லது. சார்ஸின் இணையச் சேவையான ஈஃபைலிங்கிலோ, டிஏ 185 படிவத்தோடு இறக்குமதியாளருக்கான இணைப்பையும் நிரப்பியோ பதியலாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஏஜெண்ட் பணம் கேட்டால் அது அவருடைய சேவைக் கூலி. மூன்று எண்ணிக்கை தீராமல் இருக்க இன்னொரு வழி, நான்கு சின்ன ஆர்டர்களை ஒரே பெட்டியில் அனுப்பச் சொல்வது. பார்சலைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கிளியரன்ஸ் கூலியும் ஒரு முறைதான் வரும்.

அடையாள அட்டை எண் இல்லாமல் கூரியர் எதையும் வெளியே எடுக்க முடியாது. ஆர்டரில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். வீட்டில் அழைக்கும் பெயரில் ஆர்டர் கொடுத்தால் பார்சல் நின்றுபோகும்.

வரவே கூடாதவை, அனுமதி வேண்டியவை

பணத்தை முழுதாக இழப்பது இங்கேதான். வரி அதிகமானால் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், தடை செய்த பொருள் திரும்பி வராது.

- மயிலிறகு: காவடிக்கு எல்லோரும் தேடுவது. இந்தியாவிலிருந்து மயிலிறகை ஏற்றுமதி செய்யவே தடை. ‘டெக்கரேஷன்’ என்று எழுதி அனுப்புகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் அவரிடம் வேறு எதையும்கூட வாங்காதீர்கள்.
- விதை, கன்று, வேர், மண்: 1983-ஆம் ஆண்டின் வேளாண் பூச்சிகள் சட்டத்தின் கீழ் இறக்குமதி அனுமதி வேண்டும். துளசி விதையும் முருங்கை விதையும் இதில் அடங்கும். தேனுக்கும் இதே சட்டம்.
- நெய், பால்கோவா, கருவாடு, இறைச்சி: விலங்கிலிருந்து வரும் பொருள் என்பதால் கால்நடைத் துறை அனுமதி. மிருதங்கம், தவில் போன்றவற்றில் தோல் இருப்பதால் அவையும் பரிசோதனைக்கு நிறுத்தப்படலாம். தோல் பதப்படுத்தப்பட்டது என்று இன்வாய்ஸில் எழுதச் சொல்லுங்கள்.
- பழைய துணி, பழைய சாமான்: உபயோகித்த பொருளுக்கு ஐடாக் எனப்படும் பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஊரிலிருந்து அக்கா அனுப்பும் பழைய பட்டுப் புடவைக் கட்டும் இதில் மாட்டும்.
- சித்த, ஆயுர்வேத மருந்து: மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ரா பார்வைக்குப் போகும். லேகியம், சூரணம், மாத்திரை எல்லாமே மருந்துதான். தபாலில் வரவழைக்காதீர்கள்.
- போலிப் பிராண்ட் பை, கடிகாரம்: 1997-ஆம் ஆண்டின் போலிப் பொருள்கள் சட்டப்படி பறிமுதல். பணமும் போகும், பொருளும் போகும்.
- செம்மரப் பொம்மை: அருகிவரும் உயிரினங்களுக்கான உலக உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள மரம். சான்று இல்லாமல் வராது.

பரிசு என்று அனுப்பினால்?

உண்மையான பரிசுக்குச் சலுகை உண்டு. வெளிநாட்டில் உள்ள தனிநபர், இங்குள்ள தனிநபருக்கு, கேட்காமலே அனுப்பும் பரிசு, ஒரு பார்சல் 1,400 ராண்ட் மதிப்புக்குள், ஓர் ஆண்டில் இரண்டு பார்சல் வரை சுங்க வரியும் வாட்டும் இல்லாமல் வரும். மதுவும் புகையிலையும் இதில் சேரா. கடையில் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதற்குப் ‘பரிசு’ என்று முத்திரை குத்தினால் செல்லாது, ஏனென்றால் அனுப்புவது கடை, தனிநபரல்ல. தஞ்சாவூர் சித்தி தன் கையால் பொதிந்து, தன் பெயரில், பொருளையும் மதிப்பையும் உள்ளபடி எழுதி அனுப்பினால் செல்லும்.

விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று சொல்லும் கடைகள் ஏராளம். ஒப்புக்கொள்ளாதீர்கள். சுங்கம் வங்கிப் பரிவர்த்தனைச் சான்றைக் கேட்கும், அதில் உண்மை விலை இருக்கும். சட்டப்படி அபராதம் பொருளின் மதிப்பைப் போல் மூன்று மடங்கு வரைகூடப் போகலாம், பொருளும் பறிமுதலாகலாம். இன்னொன்று, பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்குத்தான் கிடைக்கும்.

தபாலா, கூரியரா

தபாலில் வருவது பெட்டியில் ஒட்டிய சிஎன் 22 அல்லது சிஎன் 23 சீட்டோடு சர்வதேசத் தபால் மையத்துக்குப் போகும். அங்கே சுங்கம் மதிப்பிட்டு, தபால் நிலையத்தில் கட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லும். கூலி குறைவு. நேரம்தான் சிக்கல். தென்னாப்பிரிக்கத் தபால் துறை 2023 ஜூலையில் வணிக மீட்பு நடவடிக்கைக்குள் போனது, பல கிளைகள் மூடப்பட்டன. தேதி குறித்த தேவை, அதாவது தைப்பூசம், திருமணம் என்றால் தபாலை நம்ப வேண்டாம். அவசரமில்லாத புத்தகத்துக்குச் சரி.

கூரியர் வேகமானது, ஆனால் வரிக்கு மேல் தன் கூலிகளையும் சேர்க்கும். உங்களுக்காகச் சார்ஸுக்கு வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு கட்டணம், இது வரியில் சதவீதமாக, ஆனால் குறைந்தபட்சத் தொகையோடு வரும். கிளியரன்ஸ் கட்டணம், தாமதித்தால் சேமிப்புக் கட்டணம், இந்தக் கூலிகள் மேல் வாட். 400 ராண்ட் பொருளுக்கு இந்தக் கூலிகளே வரியைத் தாண்டிவிடும். அதனால்தான் சின்னச் சின்னதாக வாங்காமல் சேர்த்து வாங்கச் சொல்வது.

பில் வந்த பிறகு

‘உங்கள் பார்சல் நிற்கிறது, சில ராண்ட் கட்டுங்கள்’ என்று எஸ்எம்எஸ் இணைப்போடு வந்தால் அதை அழுத்தாதீர்கள். தபால் துறை பெயரிலும் கூரியர்கள் பெயரிலும் கார்டு விவரம் திருடும் செய்திகள் நிறைய வருகின்றன. கூரியரின் இணையதளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, ட்ராக்கிங் எண்ணைப் போட்டு, அங்கே தொகை காட்டினால் மட்டும் கட்டுங்கள். உண்மையான பில் வரி, வாட், கூலி மூன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டும்.

கட்டும் முன் அந்த மூன்றையும் உங்கள் துண்டுக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். பெரிய வேறுபாடு இருந்தால் கூரியரிடம் சுங்க அறிவிப்பான எஸ்ஏடி 500-இன் நகல் கேளுங்கள். மூன்று இடத்தைப் பாருங்கள்: எட்டு இலக்க எண், சுங்க மதிப்பு, உற்பத்தி நாடு. பெரும்பாலான தவறு எண்ணில் இருக்கும். அடுத்து மதிப்பில், தள்ளுபடி கழிக்காமல் பழைய விலையைப் போட்டிருப்பார்கள் அல்லது ஷிப்பிங்கைச் சேர்த்திருப்பார்கள். பார்சல் வெளியேறும் முன்பே சொன்னால் திருத்துவது எளிது.

கட்டிவிட்ட பிறகு தெரிந்தால் அறிவிப்பைத் திருத்தச் சொல்லி, டிஏ 66 படிவத்தில் பணம் திரும்பக் கேட்கலாம். பொதுவான காலக்கெடு இரண்டு ஆண்டு. சுங்க அதிகாரியின் முடிவே தவறு என்றால் டிஏ 51 படிவத்தில் உள்முறையீடு, முடிவு கிடைத்த 30 நாளுக்குள். கூரியரின் கூலி இதில் திரும்பாது. எனவே 150 ராண்ட் வேறுபாட்டுக்காக இதில் இறங்குவது வீண் உழைப்பு, 1,500 என்றால் இறங்குங்கள்.

பொருள் பிடிக்காமல் திருப்பி அனுப்பினால் கடை விலையை மட்டும் தரும். வரி தானாகத் திரும்பாது. சுங்கத்தின் கண்காணிப்பில் ஏற்றுமதியானதற்குக் காகிதம் இருந்தால்தான் கேட்கவே முடியும். அளவு சந்தேகமான உடையை வெளிநாட்டில் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஊருக்குப் போய்வருகிறவர்களிடம் சொல்லி வாங்குவது

48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பயணி, 30 நாளுக்கு ஒரு முறை, 5,000 ராண்ட் வரை வரியின்றிக் கொண்டுவரலாம். அதற்கு மேல் 20,000 ராண்ட் வரை 20 சதவீதம் என்ற ஒரே விகிதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். உடைக்கு 68 சதவீதம் எங்கே, 20 சதவீதம் எங்கே! திருமணத்துக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் ஆன்லைனை விட்டுவிட்டு நேரில் போய் வாங்குவது இந்த ஒரு காரணத்துக்காகவே லாபமாகலாம். ஆனால் சலுகை பயணி தனக்காகவோ பரிசளிக்கவோ கொண்டுவரும் பொருளுக்கு மட்டும். நீங்கள் காசு கொடுத்து அவரிடம் வாங்கி வரச் சொன்னது இதில் அடங்காது, விற்பனைக்கான சரக்கும் அடங்காது. டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் இறங்கினாலும் ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போவில் இறங்கினாலும், அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்புப் பாதையில் போய் பில்களைக் காட்டுவதே சரி. ஒவ்வொரு பொருளின் பில்லும் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மதிப்பை அதிகாரி தானே நிர்ணயிப்பார்.

வீணையையோ வேறு கருவியையோ தஞ்சாவூருக்குப் பழுது பார்க்க அனுப்புகிறவர்கள், அது இங்கிருந்து கிளம்பும் முன்பே சுங்கத்தில் டிஏ 65 படிவத்தில், அடையாளக் குறிகளோடும் படங்களோடும் பதிந்துவிட வேண்டும். பதிந்திருந்தால் திரும்பி வரும்போது பழுது பார்த்த செலவை வைத்துத்தான் வரி. பதியாமல் அனுப்பினால், முப்பது ஆண்டு வாசித்த வீணையானாலும் புதிதாக வாங்கிய கருவி போலவே மதிப்பிடப்படும்.